நிலம் யார் பேரில்? தண்ணீர் யார் கையில்?



பயிர்க் கடனுக்கோ மானியத்துக்கோ மனு எழுத உட்காரும்போது ஒரு கேள்வி தவறாமல் வரும். "நிலம் யார் பேர்ல இருக்கு?" நம்மில் பலர் சொல்லும் பதில் என்ன? "அவர் பேர்ல", "மாமனார் பேர்லயே கிடக்கு", "எங்க அண்ணன் பேர்ல இருக்கு". "என் பேர்ல" என்று சொல்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நிலம் யார் பேரில் இருக்கிறதோ, பெரும்பாலும் தண்ணீரும் அவர் கையில்தான். இந்த இதழில் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். கொஞ்சம் சட்டம் வரும், கொஞ்சம் கணக்கு வரும். பயப்பட வேண்டாம். மாதாமாதம் வட்டிக் கணக்கையே மனசிலே போடுகிற நமக்கு இது ஒன்றும் பெரிசில்லை.

உழைப்பு நம்முடையது, பேர் யாருடையது?

நாற்று நடுவது நாம். களை எடுப்பது நாம். கதிர் அறுப்பதும், மாட்டுக்குப் புல் அறுப்பதும், ராத்திரி கரண்ட் வந்தால் டார்ச் லைட்டோடு மடை திருப்பப் போவதும் பல வீடுகளில் நாம்தான். ஆனால் 2015-16ல் எடுத்த வேளாண்மைக் கணக்கெடுப்பில், இந்தியாவில் சாகுபடி நிலங்களை நடத்துபவர்களாகப் பதிவானவர்களில் நூற்றுக்குச் சுமார் 14 பேர்தான் பெண்கள்.

இது இந்தியாவில் மட்டும் உள்ள குறை இல்லை. ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா என்று வளரும் நாடுகள் பலவற்றிலும் வயலில் பெண், பத்திரத்தில் ஆண் என்றுதான் இருந்து வந்திருக்கிறது.

உரிமை என்பது ஒன்று இல்லை

"நான்தானே மாசம் முப்பது நாளும் அந்தக் காட்டில் கிடக்கிறேன், எனக்கு இல்லாத உரிமையா?" என்று சிலர் கேட்பார்கள். வாரத்துக்கு மாடு வளர்ப்பதை நினைத்துப் பாருங்கள். கன்றுக்குட்டியை வாங்கிக் கொடுத்தவர் ஒருவர், தீனி போட்டு வளர்ப்பவர் இன்னொருவர். சாணம் வளர்ப்பவருக்கு. ஈன்ற கன்றில் இருவருக்கும் பங்கு. ஆனால் மாட்டைச் சந்தைக்கு ஓட்டிப் போவது யார்? வாங்கியவர் "விற்கணும்" என்றால் வளர்த்தவர் என்ன சொல்ல முடியும்?

நிலமும் தண்ணீரும் அப்படித்தான். அதில் பல உரிமைகள் சேர்ந்திருக்கின்றன.

1. அனுபவிக்கிற உரிமை: உழுவது, விதைப்பது, தண்ணீர் இறைப்பது, புல் அறுப்பது.
2. முடிவெடுக்கிற உரிமை: என்ன பயிர் வைப்பது, போர் போடுவதா, யாருக்குக் குத்தகை விடுவது.
3. தடுக்கிற உரிமை: "இது என் வரப்பு, இது என் முறைத் தண்ணீர்" என்று சொல்வது.
4. கைமாற்றுகிற உரிமை: விற்பது, அடமானம் வைப்பது, பிள்ளைகளுக்கு எழுதி வைப்பது.

நம்மில் பெரும்பாலோர் கையில் இருப்பது முதல் உரிமை மட்டும்தான். அதுவும் யாரோ ஒருவர் தயவில். கணவர் இருக்கும் வரை, அண்ணன் மனம் கோணாத வரை. மீதி மூன்றும் பேர் உள்ளவரிடம் இருக்கின்றன. அதனால்தான் பேர் முக்கியம் என்கிறோம்.

நிலத்தோடு ஒட்டி வரும் தண்ணீர்

நம் நாட்டில் நிலத்தடி நீரின் உரிமை நிலத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் 1882ல் வந்த வசதியுரிமைச் சட்டம், தன் நிலத்துக்கு அடியில் உள்ள தண்ணீரை எடுத்துக்கொள்ள நில உரிமையாளருக்கு உரிமை உண்டு என்கிறது. அந்தக் கருத்துதான் இன்றைக்கும் அடிப்படையாக நிற்கிறது. பூமிக்கு அடியில் ஓடும் தண்ணீருக்கு வரப்பு ஏது? ஆனாலும் மேலே நிலம் உள்ளவர் எடுக்கலாம், நிலம் இல்லாதவர் கேட்கத்தான் முடியும்.

இதனால் என்ன நடக்கிறது பாருங்கள். கிணறு வெட்டவும் போர் போடவும் நிலம் வேண்டும். விவசாய மின் இணைப்பு வாங்க நிலமும் கிணறும் காகிதத்தில் வேண்டும். தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசம். நல்ல சலுகைதான். ஆனால் சர்வீஸ் யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் அது. கிணறு இல்லாதவர்கள் சில ஊர்களில் விளைச்சலில் ஒரு பங்கைக் கொடுத்துப் பக்கத்துக் காட்டில் தண்ணீர் வாங்குகிறார்கள்.

ஏரி, கண்மாய்ப் பாசனத்தில் என்ன நிலை? 2000ல் தமிழ்நாட்டில் பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிக்கச் சட்டம் வந்தது. அதன்படி அமைந்த நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களில், ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்கள் உறுப்பினர்கள். மடை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்று பேசுகிற இடத்தில் நிலம் உள்ளவர் உட்கார்ந்திருக்கிறார்.

ஆனால் கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு மட்டுமா? எருமை குளிப்பாட்டுவது, துணி துவைப்பது, கரையில் புல் அறுப்பது, ஆடு மாட்டுக்குத் தண்ணி காட்டுவது எல்லாம் நம் வேலை. கோடையில் கடைசிச் சொட்டு வரைக்கும் வயலுக்குத் திறந்துவிட்டால் மாட்டுக்கு எங்கே போவது? அதைச் சொல்ல வேண்டியவர் கூட்டத்துக்கு வெளியே நிற்கிறார்.

பேர் இல்லாவிட்டால் எதெல்லாம் கை நழுவும்?

பயிர்க் கடனுக்குச் சிட்டா, அடங்கல் கேட்பார்கள். சொட்டு நீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் உண்டு; அதற்குச் சிறு விவசாயி சான்று வேண்டும், சான்றுக்கு நிலம் வேண்டும். 2019ல் தொடங்கிய பிரதமர் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6000 ரூபாய், நிலம் உள்ள விவசாயக் குடும்பத்துக்குத்தான். ரோட்டுக்கு நிலம் எடுத்தால் நஷ்ட ஈடும் பேர் உள்ளவர் கணக்குக்கே போகும். கணவர் வெளியூரில் இருந்தாலோ, குடித்துவிட்டுத் திரிந்தாலோ, இறந்துவிட்டாலோ இதெல்லாம் அப்படியே நின்றுபோகும். நிலம் இருக்கும், தண்ணீரும் இருக்கும், நாம் மட்டும் ஆபீஸ் வாசலில் நிற்போம்.

இன்னொரு விஷயமும் உண்டு. அது பணக்கணக்கு இல்லை. கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் பிரதீப் பாண்டா, பீனா அகர்வால் என்ற இரு ஆய்வாளர்கள் திருமணமான பெண்களிடம் விசாரித்து, 2005ல் முடிவை வெளியிட்டார்கள். நிலமும் வீடும் தன் பேரில் இல்லாத பெண்களில் நூற்றுக்கு 49 பேர் கணவரிடம் நீண்ட காலம் அடி உதை பட்டிருந்தார்கள். நிலம், வீடு இரண்டும் தன் பேரில் உள்ளவர்களில் அது நூற்றுக்கு 7 பேர்தான். "வெளியே போ" என்று சொல்ல முடியாத வீட்டில் கையை ஓங்குவதும் குறைகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

நம்மில் பலர் இன்னமும் "பொம்பளப் பிள்ளைக்கு நிலத்தில் பங்கு இல்லை" என்றே நினைக்கிறோம். அது பழைய கதை.

இந்துக் கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு என்று தமிழ்நாடு 1989லேயே சட்டம் கொண்டுவந்தது. ஆனால் 25.3.1989க்கு முன்பே கல்யாணமான பெண்கள் அதில் சேரவில்லை. 9.9.2005ல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்தக் குறையைத் தீர்த்தது. கல்யாணம் ஆனவரோ ஆகாதவரோ, மகள் பிறப்பிலேயே பங்குக்காரி. விவசாய நிலத்துக்கும் இது பொருந்தும்.

"எங்கப்பா 2005க்கு முன்னாடியே காலமாயிட்டாரே" என்று கேட்டால் அதற்கும் பதில் உண்டு. அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 11.8.2020ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். 20.12.2004க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமோ கோர்ட் மூலமோ முறையாகப் பாகம் பிரிந்திருந்தால் அதை மறுபடி கிளற முடியாது.

அப்பா தானே சம்பாதித்து வாங்கிய நிலம் என்றால் கணக்கு வேறு. அவர் உயிரோடு இருக்கும்போது யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், உயிலும் எழுதலாம். எழுதாமல் இறந்துவிட்டால் மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடு இருந்தால் அவருடைய அம்மா, எல்லாருக்கும் சம பங்கு.

ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். அப்பாவுக்கு 2 ஏக்கர், அதாவது 200 சென்ட். அவருடைய அம்மா முன்பே காலமாகிவிட்டார். மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் இருக்கிறார்கள். உயில் இல்லை.

சுயசம்பாத்தியம் என்றால் நாலு பேருக்கும் ஆளுக்கு 50 சென்ட்.

பூர்வீகம் என்றால் முதலில் அப்பா, மகன், இரண்டு மகள்கள் என நாலாகப் பிரிக்க வேண்டும், ஆளுக்கு 50 சென்ட். பிறகு அப்பாவின் 50 சென்ட்டை மனைவி, மகன், இரண்டு மகள்கள் என நாலாகப் பிரித்தால் ஆளுக்குப் பன்னிரண்டரை சென்ட். ஆக மகனுக்கு அறுபத்திரண்டரை, மகள்களுக்கும் தலா அறுபத்திரண்டரை. அம்மாவுக்குப் பன்னிரண்டரை சென்ட்தான். அதனால் பாகம் பிரிக்கும்போது அம்மாவின் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் வழி என்ன என்பதையும் பேசி எழுத வேண்டும். எது பூர்வீகம், எது சுயசம்பாத்தியம் என்பதில் குழப்பம் வரும். பத்திரங்களைக் காட்டி வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிறிஸ்தவக் குடும்பங்களில் 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாவிட்டால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மகனுக்கும் மகளுக்கும் சமம். இஸ்லாமியக் குடும்பங்களில் மார்க்கச் சட்டப்படி மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒரு பங்கு உண்டு. குறைவானாலும் அது அவளுடைய பங்கு.

மனைவிகளுக்கு ஒரு வார்த்தை. கணவர் உயிரோடு இருக்கும்போது அவர் நிலத்தில் மனைவிக்குத் தானாகப் பங்கு வந்துவிடாது. அவர் எழுதிக் கொடுத்தால்தான். நாம் அடகு வைத்த நகையில் வாங்கிய நிலமாக இருந்தாலும் பத்திரத்தில் அவர் பேர் மட்டும் இருந்தால் உலகத்தின் பார்வையில் அது அவருடையதுதான். ஆகவே நிலம் வாங்கும் நாளிலேயே இரண்டு பேரையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள்.

ஒரு புடவையும் ஒரு கையெழுத்தும்

சட்டம் இவ்வளவு சொல்லியும் பங்கு ஏன் கைக்கு வரவில்லை? பெரும்பாலான இடங்களில் அது போவது விடுதலைப் பத்திரத்தில்தான். அப்பா காரியம் முடிந்து சில மாதத்தில் ஒருநாள் அழைப்பு வரும். "சும்மா ஒரு கையெழுத்துத்தாம்மா, பட்டா மாத்தணும்" என்பார்கள். சப்-ரிஜிஸ்தார் ஆபீசில் கைரேகை வைத்துவிட்டு, ஒரு புடவையும் பலகாரமும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவோம். அந்தக் கையெழுத்தில் போனது நிலம் மட்டும் இல்லை. கிணற்றுப் பங்கும் போயிற்று. அதை ரத்து செய்ய வேண்டுமானால் கோர்ட் படிதான் ஏற வேண்டும்.

"கல்யாணத்துக்கு நகை போட்டோம், சீர் செஞ்சோம், இன்னும் என்ன பங்கு?" என்ற கேள்வி வரும். நகையும் சீரும் நிலப் பங்குக்கு ஈடு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இதைவிடக் கனமான கேள்வி இன்னொன்று. "பங்கு கேட்டா தாய் வீட்டு வாசல் அடைஞ்சு போயிடுமே?" இதை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கணவர் வீட்டில் ஒரு கஷ்டம் என்றால் ஓடிப்போய் நிற்க இருப்பது அண்ணன் தம்பி வீடுதான். பெண் பிள்ளை சடங்குக்குத் தாய்மாமன் வேண்டும். அந்த உறவை அறுத்துக்கொள்ளுங்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் கேட்பதற்கும் எழுதிக் கொடுப்பதற்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. எழுதிக் கொடுக்காமல் இருப்பதுதான் அது. அப்பா பேரில் உள்ள பட்டாவை வாரிசுகள் எல்லார் பேரிலும் கூட்டுப் பட்டாவாக மாற்றலாம். நிலத்தை அண்ணனே உழட்டும். வருஷத்துக்கு இரண்டு மூட்டை நெல்லோ குத்தகைப் பணமோ பேசிக்கொண்டு, அதை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம். உறவும் இருக்கும், பேரும் இருக்கும். அண்ணன் அந்த நிலத்தை அடமானம் வைக்கவோ விற்கவோ போனால் நம்மைக் கேட்டாக வேண்டும். நம் வீட்டுக்கு வந்த மருமகளும், நம் நாத்தனாரும் இதே நிலையில்தான் இருக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். நமக்கு ஒரு நியாயம், நாத்தனாருக்கு ஒரு நியாயம் கூடாது.

மற்ற நாடுகளில் என்ன செய்தார்கள்?

பேரை மாற்றுவது முடிகிற காரியமா என்று கேட்பவர்களுக்கு, நம்மைப் போன்ற விவசாய நாடுகள் மூன்றைச் சொல்கிறோம்.

நேபாளம்: பெண் பேரில் நிலம் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் தள்ளுபடி என்று 2006ல் கொண்டுவந்தார்கள். 2001 கணக்கெடுப்பில் நூற்றுக்குச் சுமார் 11 வீடுகளில்தான் பெண் பேரில் நிலம் இருந்தது. பெண் பேரில் நிலமோ வீடோ உள்ள குடும்பம் 2011ல் நூற்றுக்குச் சுமார் 20, 2021ல் சுமார் 24. மெதுவாகத்தான், ஆனாலும் ஏறுகிறது.

எத்தியோப்பியா: அங்கே நிலம் அரசுடையது, அனுபவ உரிமைதான் குடும்பத்துக்கு. 2003 முதல் பல மாநிலங்களில் அந்த உரிமைச் சான்றைக் கணவன் மனைவி இருவர் பேரிலும் கொடுத்தார்கள். சில மாநிலங்களில் இருவர் போட்டோவையும் ஒட்டினார்கள். எழுத்துத் தெரியாத பெண்ணும் தன் முகத்தைப் பார்த்து "இது எனது" என்று சொல்ல முடியும்.

ருவாண்டா: 1999ல் மகனுக்கும் மகளுக்கும் சம வாரிசுரிமை கொடுத்தார்கள். 2009 முதல் 2013 வரை நாடு முழுவதும் அளந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட நிலத் துண்டுகளைப் பதிவு செய்தார்கள். ஆனால் முதலில் சோதனையாகச் செய்த இடங்களில், கல்யாணத்தைச் சட்டப்படி பதிவு செய்யாத மனைவிகள் விடுபட்டுப் போனார்கள். நமக்கும் இதில் பாடம் உண்டு. தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எல்லாத் திருமணத்தையும் பதிவு செய்வது கட்டாயம். அந்தச் சான்றைப் பெட்டியில் பத்திரமாக வையுங்கள்.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது

பீகாரில் புத்தகயா மடத்தின் வசம் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் இருந்தது. 1978 வாக்கில் கூலி விவசாயிகள் அதை எதிர்த்துப் போராடினார்கள். பெண்கள் முன்னால் நின்று அடிபட்டார்கள். நிலம் பிரித்துக் கொடுக்கும் நேரம் வந்தபோது குடும்பத் தலைவர் பேரில்தான் தருவோம் என்றார்கள் அதிகாரிகள். போராடியபோது நாங்கள் வேண்டும், பட்டாவில் வேண்டாமா என்று பெண்கள் விடவில்லை. 1980களில் சில கிராமங்களில் பெண்கள் பேரிலேயே நிலம் கிடைத்தது.

நம் தஞ்சைப் பகுதியில் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு அங்கே வேலை செய்ய வந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவரும் 1981ல் லாப்டி என்ற உழுபவர் நில அமைப்பைத் தொடங்கினார்கள். நிலச்சுவான்தார்களிடம் பேசி விலைக்கு வாங்கி, நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு ஏக்கர் கணக்கில் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குக் கிடைத்த அந்த நிலம் பெண்கள் பேரில் பதியப்பட்டது. நிலம் பெண் பேரில் இருந்தால் சாராயக் கடைக்குப் போகாது என்பது அவர் கண்ட அனுபவம்.

இப்போது அரசும் சில வழி வைத்திருக்கிறது. நிலமில்லாத ஆதிதிராவிடர், பழங்குடி விவசாயத் தொழிலாளர் பெண்கள் நிலம் வாங்க, 2023ல் நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம் வந்தது. தாட்கோ மூலம் நில மதிப்பில் பாதி, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம். 1.4.2025 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள வீடு, மனை, விவசாய நிலத்தைப் பெண்கள் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. 8 லட்சத்துக்கு ஒரு நிலம் வாங்கினால் 8000 ரூபாய் மிச்சம். பேர் சேர்க்கச் சொல்ல இது ஒரு நல்ல சாக்கு!

நாம் செய்ய வேண்டியவை

1. முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சர்வே எண்ணை எழுதிக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போனால் பட்டா, சிட்டா எடுக்கலாம். யார் யார் பேர் இருக்கிறது என்று பாருங்கள். வில்லங்கச் சான்று எடுத்தால் நமக்குத் தெரியாமல் விற்பனை, அடமானம் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று தெரியும்.

2. வாரிசுச் சான்றைப் படித்துப் பாருங்கள். தாசில்தார் தரும் சான்றில் எல்லா மகள்களின் பேரும் இருக்க வேண்டும். கட்டிக் கொடுத்த மகளை விட்டுவிட்டு விண்ணப்பம் போடுவது பல இடங்களில் நடக்கிறது. கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வரும்போதே சொல்லிவிடுங்கள்.

3. பட்டா மட்டும் போதாது. பட்டா வருவாய்த் துறைக் கணக்கு. உரிமைக்கு ஆதாரம் பத்திரம். பாகப்பிரிவினையோ செட்டில்மெண்ட்டோ, பதிவு செய்தால்தான் பலம்.

4. தண்ணீரை எழுதச் சொல்லுங்கள். பத்திரம் எழுதும்போது நாம் மிகவும் ஏமாறுவது இங்கேதான். நிலத்தில் 50 சென்ட் வரும், கிணறு அண்ணன் பாகத்து சர்வே எண்ணில் போய்விடும். தண்ணீர் இல்லாத காட்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய? கடைசியில் அவருக்கே அடிமாட்டு விலைக்குக் கொடுப்போம். ஆகவே கீழ்க்கண்ட ஐந்தும் பத்திரத்தில் இருக்கிறதா என்று வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்:
அ) கிணறு அல்லது போரில் எத்தனை பங்கு;
ஆ) எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர் (கால் பங்கு என்றால் நாலு நாளுக்கு ஒரு நாள்);
இ) மோட்டார், மின் இணைப்பு எண், அதில் நம் பங்கு;
ஈ) தண்ணீர் வரும் வாய்க்கால் அல்லது பைப் எந்த வழியாக வருகிறது;
உ) நடக்க, வண்டி போகத் தடம்.
கிணறு தூர் வாரவும் மோட்டார் ரிப்பேருக்கும் யார் எவ்வளவு செலவு என்பதையும் சேர்த்துக்கொண்டால் பின்னால் சண்டை இல்லை.

5. படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். குழுவில் தீர்மானம் படிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை அல்லவா? அதே வழக்கம் இங்கேயும். "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். அந்த ஒரு வாரத்தில் விவரம் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

6. இலவசச் சட்ட உதவி உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். தாலுகா கோர்ட்டில் உள்ள சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

7. ஊர்த் தண்ணீருக்கு ஊர்க் கூட்டத்தில் பேசுங்கள். நிலம் இல்லாதவர்களும் கிராம சபை உறுப்பினர்கள்தான். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் அன்றும் இப்போது கிராம சபை நடக்கிறது. கோடையில் கால்நடைக்கு எவ்வளவு தண்ணீர் விட வேண்டும், பெண்கள் துவைக்கிற படித்துறை என்ன ஆச்சு என்பதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். தாலுகா ஆபீசில் ஜமாபந்தி நடக்கும்போதும், கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர் நாளிலும் பட்டா மனுக்களைக் கொடுக்கலாம். மனு கொடுத்தால் ரசீது வாங்க மறக்காதீர்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசிப் பார்ப்போம்

நம் குழுவில் எத்தனை பேருக்குத் தன் பேரில் நிலம் இருக்கிறது? எத்தனை பேர் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்? எத்தனை பேருக்குக் கிணற்றில் பங்கு எழுத்தில் இருக்கிறது? நம் வீட்டு மகள்களுக்கு, மருமகள்களுக்கு என்ன எழுதி வைக்கப் போகிறோம்?

ஊக்குநர்கள் இந்த நாலு கேள்விக்கும் வரும் பதிலைத் தீர்மான நோட்டில் ஒரு பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பட்டா எடுக்கத் தெரியாதவர்களுக்கு, தெரிந்தவர் ஒருவர் துணைக்குப் போய் வரட்டும். பத்து இருபது ரூபாய் சேமிப்பில் தொடங்கி, பேங்க் மேனேஜர் நாற்காலி போட்டு உட்காரச் சொல்கிற அளவுக்கு வந்திருக்கிறோம். தாலுகா ஆபீஸ் படி ஏறுவது நமக்குப் பெரிய விஷயமா? இந்த மாதம் ஆளுக்கு ஒரு சிட்டா எடுத்துப் பார்த்துவிடுவோம். அதில் நம் பேர் இருக்கிறதா, இல்லையா என்பதிலிருந்து ஆரம்பிப்போம்.